எண்ணெய் பூசிய பிள்ளை

கடல்நீரின் மேல் நல்லெண்ணெய் வட்டம் வட்டமாக விரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே என் மகன் இருந்தான். அவனுக்குப் பயிற்சி கொடுத்த மிஸ்ஸின் கைகளில் அவன் இல்லை.

மகனுக்குப் பெருமூளை வாதம். இரண்டு கால்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி இறுகிக் கிடக்கும். இறுக்கம் கூடினால் இடுப்பு மூட்டு விலகிவிடும், பிறகு அவனை உட்கார வைப்பதும் கஷ்டம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வெதுவெதுப்பான நீரில் தசை இளகும், பாரத்தை நீரே தாங்கும் என்று சொல்லிப் பயிற்சி கொடுக்க வந்தவர்தான் மிஸ். பக்கத்தில் நீச்சல் தடாகம் எங்கே இருக்கிறது? வெயில் ஏறியதும் அல்லைப்பிட்டிக் கரையில் ஆழமில்லாத கடல் நன்றாகச் சூடேறிக் கிடக்கும். அது போதும் என்றார். நானோ புளியங்கூடலில் புகையிலைத் தோட்டக்காரன். சுற்றிவரக் கடல் இருந்தும் கணுக்காலுக்கு மேல் அதை நம்பாத பரம்பரை. காவல் நிற்பவன்போல் கரையில் நின்று பயந்துகொண்டிருப்பதே என் வேலை.

அன்று என் மனைவி, முழுக்கென்றால் எண்ணெய் வைக்காமல் விடுவதா என்று, சட்டைக்குள்ளே அவன் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டிருந்தாள். மிஸ்ஸிடம் சொல்லவில்லை. பிள்ளைக்கு எண்ணெய் வைப்பதை யார் சொல்லிக்கொண்டு செய்வார்கள்? தண்ணீரில் சட்டை மேலே கிளம்ப, அக்குளில் பிடித்திருந்த மிஸ்ஸின் கை வழுக்கியது. சோற்றுக்கே புரைக்கேறுகிற பிள்ளை உள்ளே போய்விட்டான். நான் ஓடவில்லை. கால்கள் மணலில் புதைந்தவைபோல் நின்றன. மிஸ்தான் அவனை அள்ளி, குப்புறப் பிடித்து, முதுகில் தட்டினார். அவன் அழுத பிறகே எனக்கு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பார்த்து, பயமில்லை என்றார்கள். இனிக் கடலே வேண்டாம் என்று நான் முடிவு கட்டினேன். மிஸ் வீட்டுக்கே வந்தார். கதிரையில் உட்காரவில்லை.

"அண்ணை, நீங்கள் இறங்கிப் பிடியுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்."

"எனக்கு நீந்தத் தெரியாது, மிஸ்."

"நீந்தச் சொல்லேல்லை. பிடிக்கத்தான் சொல்லுறன். எனக்கும் பயம்தான். ஆனால் இப்ப விட்டால் பிள்ளையின்ர இடுப்பு போயிடும்."

மனைவி குசினிக்குள் அடுப்படியில் நின்று, "எண்ணெய் பூசினது நான்தானே. நீங்கள் போங்கோ," என்றாள். போனேன். பயம் போனதால் அல்ல, அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்ததால்.

அது நடந்து பல வருடங்கள். மிஸ் இடமாற்றத்தில் போய்விட்டார்; இப்போது கடலில் அவனைப் பிடிப்பது நான் மட்டும்தான். மகன் என் தோளுயரத்துக்கு வளர்ந்துவிட்டான். அவன் பாரம் கூடக் கூட, என் முதுகு தேயத் தேய, எனக்குப் பிறகு இவனை யார் பிடிப்பார் என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் என்னோடு தண்ணீருக்குள் இறங்குகிறது.

போன கிழமை நெஞ்சளவு நீரில் அவனை வழக்கம்போல் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவன் எதையோ சொல்லத் திணறினான். புரைக்கேறுகிறதென்று பதறி இன்னும் இறுக்கினேன். அவன் தலையை ஆட்டி, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னான்.

"விடுங்கோ அப்பா. கால் நிலத்தில நிக்குது."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். பின்னாமல், அகன்று, இரண்டு பாதங்களும் மணலில் நின்றன. ஒரு கையை எடுத்தேன். மற்றக் கையை எடுக்க இன்னும் எனக்கு ஏலாமல் இருக்கிறது.