புருஷன் சாகாத நாவல்

தாம்பரத்தில் ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வண்டி அங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைத்துவிடும். எனக்கு ஓர் இடம், பக்கத்தில் என் கைப்பைக்கு ஓர் இடம். பைக்கு எதற்கு சீட் என்று அடுத்த ஸ்டேஷன் சானடோரியத்தில் ஏறுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். "குரோம்பேட்டைல ஆள் வர்றாங்க" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்வேன். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. அதைப் பற்றிக் கவலைப்பட்டால் எழும்பூர் வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும்.

குரோம்பேட்டையில் ஏறும் அந்த ஆள் என் சிநேகிதி. அவள் ஆபீஸ் என் ஆபீஸுக்கு அடுத்த தெரு. பல வருடமாக இந்த ரயிலில்தான் எங்கள் பழக்கம் முழுவதும். என்னைவிட வயதில் சின்னவள், அதனால் நான் அக்கா. நான் ஒரு நாவலை முடித்தால் அது அவள் கைக்குப் போகும். நான் விழுங்குகிறவள், அவள் மென்று தின்கிறவள். நான் இரண்டு நாளில் முடித்ததை அவள் இரண்டு வாரம் வைத்திருந்து, நான் கவனிக்காத ஏதோ ஒரு வரியைக் காட்டி என் மானத்தை வாங்குவாள்.

என் படிப்பைப் பற்றி என் வீட்டுக்காரருக்கு நிறையப் புகார் உண்டு. பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் தெரியாது என்பது அதில் ஒன்று. உண்மைதான். பையில் எப்போதும் புத்தகம் இருக்க வேண்டும். மாம்பலத்தில் நாவல் முடிந்துபோனால் மீதித் தூரத்துக்கு என்ன செய்வது என்ற பயத்தில் சில நாள் இரண்டு இருக்கும். செல்போனில் கதை படிப்பது எனக்கு ஒத்துவராது. கடையில் புதிய எழுத்தாளர் யாரையாவது பார்த்தால் பின்னட்டையைப் படிக்கமாட்டேன். பின்னட்டை பெண் பார்க்கும்போது சொல்லும் பொய் மாதிரி. நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் படிப்பேன். அடுத்த பக்கத்தைத் திருப்ப மனசு துடித்தால் வாங்கிவிடுவேன்.

போன வருடம் அவள் கணவர் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பி, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். தினமும் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வண்டி நகரும்வரை பிளாட்பாரத்தில் நின்று எனக்கும் சேர்த்துக் கை காட்டுகிற மனுஷர். அவள் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பி வந்தாள். நான் பையை எடுத்ததும் அதே இடத்தில் உட்கார்ந்தாள். நான் புத்தகத்தை நீட்டியபோது மட்டும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. கதைல எவனாவது செத்துட்டா என்னால தாங்க முடியல. எங்க சாவானோன்னு பயந்துக்கிட்டே படிக்கறதுக்குப் படிக்காமலே இருந்துடலாம்."

அதன்பின் அவள் போனில் சமையல் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். ஒன்றைக்கூட வீட்டில் செய்ததில்லை என்று அவளே சொன்னாள். இவ்வளவு நன்றாகப் படித்தவள் பிரியாணிக்கு யாரோ வெங்காயம் வதக்குவதைப் பல்லாவரம் முதல் எழும்பூர் வரை வெறித்துக்கொண்டு வருவதை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்குத் துக்கமும் வந்தது, கோபமும் வந்தது. இவளை மறுபடியும் படிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். முதலில் நான் முழுவதும் படித்துவிட வேண்டும், புருஷன் சாகாத நாவலாகப் பார்த்து அவள் கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அவ்வளவுதான் இல்லை. நம் எழுத்தாளர்களுக்குப் புருஷன்மார்கள் மேல் அப்படி என்ன வஞ்சமோ தெரியவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு பெண்ணைப் பற்றி ஓர் அருமையான சின்ன நாவல் கிடைத்தது. எழுதியவருக்கு அதுதான் முதல் புத்தகம். சிரித்துச் சிரித்துப் படித்துக்கொண்டு வந்தேன். கடைசி அத்தியாயத்தில் அவள் புருஷனை ஒரு தண்ணீர் லாரி அடித்துவிட்டது. மொழிபெயர்ப்பில் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு பனி தேசத்து நாவலை எடுத்தேன். அங்கே புருஷன் விறகு வெட்டப் போய்த் திரும்பவே இல்லை. ஒரு சிறுகதைத் தொகுப்பில் எல்லாப் புருஷன்களும் உயிரோடு இருந்தார்கள், ஆனால் ஒருத்தனாவது உருப்படியாக இல்லை. நல்ல மனுஷனை இழந்தவளிடம் அதை எப்படிக் கொடுப்பது? ஒரு துப்பறியும் நாவலில் புருஷன்தான் கொலைகாரன். ஆள் கடைசிவரை சாகவில்லை. கொடுக்கலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு அலமாரியில் வைத்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தேடலில் படித்த அளவுக்குப் புதியவர்களை அதற்கு முன் எந்த வருடமும் நான் படித்ததில்லை. தெரிந்த பெயர்களையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவள், இதற்காகத்தான் ஊர் பேர் தெரியாத எழுத்தாளர்களையெல்லாம் பிரித்தேன்.

அப்படிக் கிடைத்ததுதான் அந்த ரைஸ் மில் நாவல். ஒரு சின்ன ஊரில் மில் நடத்தும் புருஷன் பெண்டாட்டி கதை. வழக்கம்போல நடுப்பக்கத்தைப் பிரித்தால், தவிடு அப்பிய தலையோடு சாப்பிட உட்கார்ந்த மனுஷரை அவள் திட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று கடையிலேயே நின்றுகொண்டு படித்தேன். ஆனால் புத்தகம் செங்கல் கனம். ரயிலில் ஒரு கையில் பிடித்துப் படிக்க முடியாது. அதோடு, முழுவதையும் நான் முடிக்கும்வரை அவளைக் காக்க வைக்கவும் எனக்குப் பொறுமை இல்லை. மூன்றாக வெட்டி பைண்டு பண்ணிவிட்டால் நான் இரண்டாவதைச் சோதிக்கும்போது அவள் முதல் பாகத்தைப் படிக்கலாம்.

பல்லாவரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, பம்மலில் கணக்கு நோட்டு பைண்டு செய்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, புதுசா கீது. இத்தப் போயி வெட்டச் சொல்றியே?"

"வெட்டுங்க. மூணா."

"ஓரத்த கொஞ்சம் ட்ரிம் பண்ணாதான் ஷேப்பு வரும். பரவால்லியா?"

பரவாயில்லை என்றேன். வீட்டில் விஷயம் தெரிந்ததும் என் கணவர் கொலை நடந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் மூன்று பாகங்களும் கையில் வந்தன. அட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கடைக்காரர் மார்க்கரில் பெரிதாக எழுதியிருந்தார். பின்னால் இருந்த விளம்பரத் தாள்கள் பழைய அட்டையோடு போய்விட்டன. பக்க எண்கள் அடியில் இருந்ததால் ட்ரிம் பண்ணியதில் அவையும் போய்விட்டன. போகட்டும், எண்ணைப் பார்த்தா படிக்கப்போகிறோம் என்று விட்டுவிட்டேன்.

முதல் பாகத்தில் கல்யாணம், மில், கடன், குழந்தை. யாருக்கும் ஜுரம்கூட வரவில்லை. ரயிலில் அதை அவள் மடியில் வைத்தேன். "நான் பாத்துட்டேன். பயப்படாம படி" என்றேன். பல்லாவரம் வரை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீனம்பாக்கம் தாண்டியதும் பிரித்தாள். கிண்டியில் சிரித்தாள்.

அன்று மாலையே இரண்டாம் பாகத்தைப் பிரித்தேன். பாதி வாக்கியத்தில் தொடங்கியது, ஆஸ்பத்திரி வராந்தாவில். நாலு பக்கம் தள்ளி மில்காரர் இறந்துபோனார். மீதிப் பாகம் முழுக்க அவள் தனியாக மில்லை ஓட்டுகிறாள். எனக்குப் புத்தகத்தை ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் போல இருந்தது. மென்று தின்கிறவள் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு மறுநாளே "ரெண்டாவது எங்கக்கா?" என்றாள். ஒரு வருடம் கழித்து அவளாகக் கேட்ட புத்தகம். "பைண்டர் இன்னும் தரல" என்று பொய் சொன்னேன். அடுத்த நாளும் கேட்டாள். அடுத்த நாளும் பம்மல்காரர் மேல் பழியைப் போட்டேன்.

அதற்குள் மூன்றாம் பாகத்தைப் பிரித்துவிட்டேன். அதுவும் பாதி வாக்கியத்தில்தான் தொடங்கியது. உள்ளே மில்காரர் உயிரோடு இருந்தார்! மோட்டார் ரிப்பேர் பார்க்கிறார், குளிக்கும்போது பாடுகிறார், மனைவியோடு சினிமாவுக்குப் போய்ப் பாதியில் தூங்குகிறார். கடைசிப் பக்கத்தில் டீயை ஆற்றி அவளிடம் நீட்டுகிறார், 'அவள்' என்ற சொல்லோடு நாவல் நின்றுவிடுகிறது. முற்றுப்புள்ளிகூட இல்லை. சாவை நடுவில் வைத்து, வாழ்வைக் கடைசியில் வைத்த அந்த எழுத்தாளரை நான் மனதாரக் கும்பிட்டேன். இந்த மாதிரிச் சோதனை நாவல்கள் எத்தனையோ படித்தவள் நான். வாக்கியம் அறுந்தாலும் எனக்கு அதிர்ச்சி இல்லை, அது உத்தி என்று தெரியும்.

வியாழக்கிழமை இரண்டையும் சேர்த்து அவளிடம் கொடுத்தேன். "நடுவுல ஒரு இடம் வரும். அங்க நிறுத்தக் கூடாது. மூணாவத முடிச்சிட்டுதான் என்கிட்ட பேசணும். சத்தியம் பண்ணு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். இரண்டையும் பையில் வைத்துக்கொண்டாள். வெள்ளியும் சனியும் அவள் ரயிலுக்கு வரவில்லை. லீவு என்று மட்டும் ஒரு மெசேஜ் வந்தது.

ஞாயிறு காலை குரோம்பேட்டையில் எங்கள் வாசகர் கூட்டம். ஓர் அப்பார்ட்மெண்டின் மொட்டை மாடியில், மாதம் ஒருமுறை நடக்கும். அன்றைக்கு நான் பேச வேண்டியது அந்த நாவலைப் பற்றி. நான் வெளுத்துக் கட்டினேன். அறுந்த வாக்கியங்களைப் பற்றி, காலத்தைக் கலைத்துப் போட்டதைப் பற்றி, அந்த டீ டம்ளரில் நாவலை நிறுத்திய துணிச்சலைப் பற்றி. முன்வரிசையில் ரிட்டயர்ட் இன்ஜினியர் ஒருவர் தன் முழுப் புத்தகத்தை அப்படியும் இப்படியும் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், டீ ஆத்தற சீன் நடுவுல இல்ல வருது? கடைசில அந்தம்மா தனியா மில்ல பூட்டிட்டுப் போறாங்க. என் புக்குல அப்படித்தான் இருக்கு."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பம்மல்காரர் இரண்டாம் பாகத்தின் அட்டையில் மூன்று என்றும், மூன்றாம் பாகத்தின் அட்டையில் இரண்டு என்றும் எழுதியிருந்தார். அவரைச் சொல்லி என்ன? அறுந்த வாக்கியத்தை உத்தி என்று கொண்டாடியது நான். மாடியில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். புருஷன் போனபின் ஒருத்தி தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு போவதில் முடிகிற நாவலை, பார்த்துப் பார்த்து, என் கையாலேயே அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் வீடு நாலு தெரு தள்ளிதான். போன் செய்தேன், எடுக்கவில்லை. சர்ச்சில் இருப்பாள். நாளைக்கு நேரில் சொல்லிவிட வேண்டும், மழுப்பக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை சானடோரியத்தில் என் பையைத் தூக்கச் சொல்லி ஓர் அம்மா பெரிய ரகளை செய்தார். நான் அசையவில்லை. குரோம்பேட்டையில் அவள் ஏறினாள். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"தப்பு நடந்துடுச்சும்மா. ரெண்டும் மூணும் மாறிப்போச்சு. கதை அப்படி முடியல. மன்னிச்சுக்கோ."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"ஒண்ணாவது பாகம் 'கதவைத் திறந்து'ன்னு நிக்குது. ரெண்டாவது ஆஸ்பத்திரில ஆரம்பிக்குது. மூணாவது எடுத்துப் பாத்தேன், மொத வார்த்த 'வெளியே வந்தாள்'. ஒட்டிக்கிச்சு. உங்களுக்கு இது தெரியலயாக்கா?"

என் மானம் போய்விட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. "அப்ப நேரா படிச்சுட்டியா?" என்று கேட்டேன்.

அவள் பையிலிருந்து அந்த இரண்டு பாகங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேரா படிக்கலாம்னுதான் மூணாவத எடுத்தேன். அப்புறம் வெச்சுட்டேன். நேரா போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. அத ஒரு தடவ பாத்தாச்சு. நீங்க கொடுத்த மாதிரியே படிச்சேன். ஆஸ்பத்திரி வந்துச்சு. அவர் போனாரு. ரெண்டு நாள் லீவு போட்டு நல்லா அழுதேன். அப்புறம் மூணாவதுல அந்த மனுஷன் பாட்டுக்கு வந்து மோட்டார் ரிப்பேர் பாக்கறாரு, குளிக்கறாரு, டீ ஆத்தறாரு." அவள் மூன்று என்று எழுதியிருந்த அட்டையைத் தடவினாள். "வந்துட்டாரேக்கா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சானடோரியத்து அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும். அவள் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்தது என்ன?"

"இன்னும் பாத்து முடிக்கல. பாதிலதான் இருக்கேன். யாராவது..."

"எவன் செத்தாலும் பரவால்ல, குடுங்க."

என் கையிலிருந்த நாவலைப் பிடுங்கினாள். நான் அடையாளம் வைத்திருந்த சீசன் டிக்கெட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கென்று பையில் இரண்டாவது புத்தகம் இல்லை. எழும்பூர் வரை எனக்குப் படிக்க ஒன்றுமே இல்லை, அவள் பக்கம் திருப்புவதைப் பார்த்துக்கொண்டு போனேன்.