பன்னிரண்டாவது அடிக்குறிப்பு

என் மாமா லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஊரையே மேலே ஏற்றிவிடுவார். அவருடைய மூன்றாவது மாடி அறைக்கு மட்டும் யாரும் ஏறி வருவதில்லை. அந்த அறையில் உட்கார்ந்து அஞ்சல் வழியில் பௌத்த ஆய்வு படித்தார். அவருடைய கட்டுரை பேராசிரியரின் சிவப்பு மைக் குறிப்போடு திரும்பி வந்தது: "பன்னிரண்டாவது அடிக்குறிப்பு: புத்தர் இதை எங்கே சொன்னார்? திங்கட்கிழமைக்குள் நூல், பதிப்பு, பக்கம் வேண்டும். இல்லையேல் கட்டுரை செல்லாது."

மாமா நூலகத்தில் பாலி மொழிபெயர்ப்புகளையும் ஆய்விதழ்களையும் அந்த வாரம் முழுக்கச் சலித்தார். சனிக்கிழமை நான் போனபோது சோர்ந்து கிடந்தார்.

"கிடைக்கவே மாட்டேங்குது மாப்ள."

"எந்த வரி மாமா?"

"'கதவைத் தட்ட ஆளில்லாதவன், தானே தட்டித் திறந்துகொள்ளட்டும்.' நீ போன்ல அனுப்பினதுதான்."

"அது புத்தர் இல்ல மாமா, நான். அவர் படத்துக்குக் கீழ சும்மா அடிச்சு விட்டேன்."

"அடப்பாவி! மரத்தடியில உக்காராமலே ஞானம் வந்துருச்சா?" என்று சிரித்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "எனக்குன்னுதானே எழுதின?"

"எல்லாருக்கும் அனுப்பினேன் மாமா."

"ஓ."

அந்த வரியைப் பேனாவால் அடித்தார். வாயைத் திறந்தால் பொய் சொல்லும் எனக்கு, அப்போது ஒரு பொய்கூட வரவில்லை. நூலகத்திலிருந்து அவர் எடுத்து வந்திருந்த தடித்த மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, அடித்த வரிக்கு மாற்றாக ஒன்று கிடைக்குமா என்று சொல்லடைவில் 'தனிமை' என்ற சொல்லைத் தேடினேன்.

"முப்பது இடத்துல வருது மாமா."

"ஒவ்வொண்ணா பாக்கணும்," என்றார். "உனக்கு நேரம் இருக்கா மாப்ள?"