என் மகளுக்கு மட்டும் பாதி மருந்து

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். பாதிக்கும் முழுசுக்கும் வித்தியாசம் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்ற திமிர் உண்டு. அதனால்தான் பக்கத்துக் கட்டில் பையனின் மருந்துச் சீட்டை எட்டிப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கும் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய், என் மகளுக்கும் அதே லிம்போமா. இருவருக்கும் எட்டு வயது. அவனுக்கு முழு டோஸ், இவளுக்குப் பாதி. அவனுக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கப் போகிறார்கள், இவளுக்கு அதுவும் கிடையாது.

"இவ உடம்புல டிஎன்ஏ உடைஞ்சா, அது தானா சரியாகாதும்மா. பிறவியிலேயே அப்படி. முழு டோஸ் தாங்க மாட்டா," என்று டாக்டரம்மா பலமுறை சொல்லியிருந்தார். என் காதில் அது அப்படி விழவில்லை. பிழைக்காத பிள்ளைதானே என்று கைகழுவுகிறார்கள் என்றே பட்டது.

வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல், குரோம்பேட்டையிலிருந்து கால் டாக்ஸி பிடித்து, சிட்டிக்குள் இருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மகளை அழைத்துப் போனேன். கிளம்புமுன் ஃபைலிலிருந்து மரபணு ரிப்போர்ட்டை மட்டும் உருவி பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் கணவர் என் அத்தை மகன். எங்கள் இருவரிடமிருந்தும் வந்த கோளாறு என்று அதில் இருந்தது. என் தங்கைக்கு வரன் கூடிவந்த நேரம் அது. மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு நான் போகவிருந்த அந்த ஆஸ்பத்திரி லேபில்தான் வேலை. ரிப்போர்ட் அவர் கண்ணில் பட்டால், குடும்பத்திலேயே கோளாறு என்று வரன் கலைந்துவிடும் என்று பயந்தேன்.

அங்கிருந்த வயதான டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு முழு டோஸ் எழுதினார். கரண்டும் எழுதினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

எடை பார்க்க எழுந்த மகள் தள்ளாடி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஏம்மா இப்படி நடக்குது குழந்தை?"

"காலைல சரியா சாப்பிடல சார்."

"கண்ணு ரெண்டும் சிவந்திருக்கே?"

"தூக்கம் இல்ல சார்."

"எனக்கு ஜீன் டெஸ்ட் எடுத்தாங்க அங்கிள்," என்றாள் மகள். "அம்மா அத பீரோல வச்சுப் பூட்டிட்டாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார்.

"இந்தத் தள்ளாட்டமும் கண் சிவப்பும் அந்தப் பிறவிக் கோளாறாலதான். இவளுக்குக் கரண்ட் வச்சா கட்டிக்கு முன்னாடி குழந்தை போயிடும்மா. உங்க டாக்டர் இவளைக் கைவிடல. தாங்குற அளவு பார்த்துக் கொடுக்கிறாங்க. அவங்ககிட்டயே போங்க."

அன்று மாலையே தங்கையிடம் சொன்னேன். "என் கல்யாணத்துக்காக இவ உயிரோட விளையாடுவியா அக்கா?" என்று கத்தினாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளே போனில் சொல்லியும்விட்டாள்.

பாதி மருந்திலேயே மாதங்கள் போயின. காய்ச்சல் வந்தது, முடி கொட்டியது. ஒவ்வொரு பாட்டில் ஏறும்போதும், போதுமா, போதுமா என்று மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

"கட்டி எங்கயுமே இல்லம்மா. மத்த பிரச்சினைகளை ஒண்ணொண்ணா பார்ப்போம். இது போயிடுச்சு," என்றார் டாக்டரம்மா.

"நான் கேட்ட மாதிரி முழு டோஸ் கொடுத்திருந்தா மேடம்?"

"அதான் கொடுக்கலையே," என்றார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நல்ல சேதிக்கு ஏன் அழுகிறாய் என்று மகள் என் தோளை உலுக்கினாள். நான் சண்டைபோட்டுக் கேட்டது கிடைக்காமல் போனதற்காக, வாழ்க்கையில் முதல்முறையாக அன்றுதான் சாமிக்கு நன்றி சொன்னேன்.