ஒரு கன்டெய்னரில் இரண்டு கடை

இறக்குமதி வியாபாரிகளைச் சுங்கத்தின் புதிய இணையப் பதிவுக்குத் தயார்ப்படுத்துவது என் தொழில். அதாவது, பதில் சொல்ல விரும்பாதவர்களிடம் நாள் முழுக்கக் கேள்வி கேட்பது. எனக்கோ கேள்வி கேட்பதே கூச்சம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்த காலத்தில் யாராவது என் பக்கம் திரும்பினாலே குனிந்துகொள்வேன். அரசாங்க இணையப் பக்கம் ஒன்று நீங்கள் எதை எழுதினாலும் ஏற்காமல் உங்களையும் ஒருநாள் வியர்க்க வைத்திருந்தால், என் நிலை விளங்கும்.

சாமான்

புளியந்தீவில் இருக்கும் எங்கள் சிறிய அலுவலகத்திலிருந்து என்னைக் காத்தான்குடிக்கு, செய்யது ஹாஜியாரின் உடுப்புக் கடைக்கு அனுப்பினார்கள். நோன்புப் பெருநாளுக்காக அவர் எடுத்த சிறுபிள்ளைகளின் உடுப்புகள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. முன்பெல்லாம் கன்டெய்னர் கொழும்பில் இறங்கிய பிறகு துறைமுகத்தில் சாமான் எடுத்துத் தரும் வார்ஃப் கிளார்க் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். இப்போது கப்பல் வருமுன்பே உள்ளேயுள்ள ஒவ்வொரு பொருளையும் இணையத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் கன்டெய்னர் துறைமுகத்திலேயே நிற்கும். பெருநாள் போன பிறகு பெருநாள் உடுப்பை யார் வாங்குவார்?

"உள்ளுக்கு என்னென்ன இருக்கு, ஹாஜியார்?"

"சாமான்."

"என்ன சாமான்?"

"கடைச் சாமான்."

மடிகணினியைத் திருப்பிக் காட்டினேன். துணியா, தைத்த உடுப்பா, பருத்தியா, பொலியெஸ்டரா, ஆணுக்கா, பெண்ணுக்கா என்று அது வரிசையாகக் கேட்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "மகள், பொண்ணு பாக்க வாறவனும் இவ்வளவு கேக்க மாட்டான்."

மற்றப் பாதி

அவருடைய உடுப்புகளைப் பதிந்து முடித்தபோது கன்டெய்னரில் பாதிக்குத்தான் கணக்கு வந்தது. ஒருவரால் முழுக் கன்டெய்னரையும் நிரப்ப முடியாது என்பதால் இருவர் சேர்ந்து எடுப்பது இங்கே வழக்கம். பத்திரமெல்லாம் ஒருவர் பெயரில் வரும். மற்றப் பாதி, எதிர்ப்பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் நவாஸுடையது. ஹாஜியாரின் மனைவி அவருக்கு ராத்தா, அதாவது அக்கா.

அவர் என்ன எடுத்திருக்கிறார் என்று கேட்டேன். "தெரியா" என்றார் ஹாஜியார். பல வருடமாக ஒரே கன்டெய்னரில் எடுக்கிறார்கள். ஆனால் ஒருவர் என்ன எடுக்கிறார் என்று மற்றவர் கேட்பதில்லை. கேட்டால், அடுத்தமுறை அதையே தானும் எடுக்கப் பார்க்கிறான் என்று அர்த்தமாகிவிடும். கன்டெய்னரை நம்பிக் கொடுப்பார்கள், டிசைனைச் சொல்ல மாட்டார்கள். பதிவு உங்கள் பெயரில் போகிறது, பிழை இருந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று மெல்லச் சொன்னேன். அவர் எதிர்க்கடையைப் பார்த்தார். "நீ போய்க் கேளு மகள். நான் கேட்டா, வீட்டுல எனக்குச் சோறு வராது."

வாளிகளுக்கு நடுவில்

நவாஸ் கடையின் பின்பக்கம், அடுக்கிய வாளிகளுக்கு நடுவில் எனக்கொரு கதிரை போட்டார். தட்டு, கோப்பை, தண்ணீர்ப் போத்தல் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மிச்சமெல்லாம் பொம்புளப் புள்ளைகள்ட ஃப்ரொக்."

என் விரல் அப்படியே நின்றது. அது ஹாஜியாரின் வியாபாரம். அவர் பெயரிலேயே, அவர் கன்டெய்னரிலேயே எதிர்க்கடைக்கு வருகிறது.

"பிளாஸ்டிக் சாமான் என்டு போடுங்க மிஸ். மச்சான் பாக்காமலே உறுதிப் பட்டன அமத்தி விடுவாரு."

ஏலாது என்றேன். முதல் தடவை குரல் வரவில்லை; இரண்டாம் தடவை வந்தது. பொய்யாகப் பதிந்து, சுங்கத்தில் திறந்து பார்த்தால் இருவர் சாமானும் அங்கேயே நிற்கும். அவர் ஒரு வாளியை எடுத்து, அடியைத் தட்டிப் பார்த்து, திரும்ப வைத்தார். "சொல்லுங்க மிஸ், பெருநாளைக்கு யாராச்சும் வாளி வாங்குவாங்களா?"

சேரின் இருமல்

வெளியே வந்து என் மேலதிகாரிக்கு, அலுவலகத்துச் சேருக்கு, தொலைபேசி எடுத்தேன். நாளை விடியக் கப்பல் வந்துவிடும் என்று வார்ஃப் கிளார்க் செய்தி அனுப்பியிருந்தார். அதற்குள் ஹாஜியார் உறுதிப்படுத்தினால்தான் பதிவு போகும். விஷயம் தெரிந்து அவர் மறுத்துவிட்டால்? சேர் எல்லாவற்றையும் கேட்டார். சற்று நேரம் இருமினார். "புள்ள, நீயா ஒண்டும் காட்டிக் குடுக்காத. ஆனா அவர் முழுக்கக் கேக்காம அமத்த விடாத."

அடுத்த வரி

பிற்பகல் அசர் தொழுகை முடித்து ஹாஜியார் கடைக்கு வந்தார். நவாஸும் வந்து வாசலுக்குக் கிட்ட உட்கார்ந்தார். "எங்க அமத்துற?" என்று ஹாஜியார் விரலை நீட்டினார். முதலில் முழுவதையும் பார்க்க வேண்டும் என்றேன்.

"எழுத்து பொடிசு. நீயே வாசி மகள்."

அவருடைய உடுப்புகளை வாசித்தேன். தட்டு. கோப்பை. போத்தல். அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன். நவாஸ் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெண்பிள்ளைகளின் தைத்த உடுப்பு, பொலியெஸ்டர்."

"அது என்ட உடுப்பு. நீ முதலே வாசிச்சிட்டாய்."

"இல்ல ஹாஜியார். இது மற்றப் பாதி."

அவர் நவாஸைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவை உறுதிப்படுத்த அவர் கைபேசிக்கு வந்திருந்த இலக்கம் அதற்குள் காலாவதியாகிவிட்டது. இணையத்தில் இன்னோர் இலக்கம் கேட்டேன். அவர் மறுத்தால் நவாஸின் உடுப்போடு அவருடையதும் நிற்கும். அது மூன்று பேருக்கும் தெரியும்.

இரண்டாம் இலக்கம் வந்தது. ஒவ்வொரு எண்ணாக, சத்தமாகச் சொன்னார். நான் இட்டேன். அவரே அமத்தினார். பதிவு ஏற்கப்பட்டது என்று திரையில் வந்தது. நவாஸ் எழும்பி, "மச்சான்..." என்றார். ஹாஜியார் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"இந்தக் கப்பல் வரட்டும். அடுத்த கப்பலுக்கு நீ வேற ஆள்ட பேரு பாத்துக்க. ஒன்ட ராத்தாக்கிட்ட நானே சொல்றன்."

கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று சுங்கத்துக்குத் தெரிய வேண்டும் என்று எழுதியவர்கள், அது முதலில் மச்சானுக்குத்தான் தெரியவரும் என்பதை எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதவில்லை.