செல்வம் சொன்ன உள்பக்கம்

"அண்ணே, அவரு போயிட்டாருண்ணே" என்று செல்வத்தின் மனைவி மல்லிகா போனில் சொன்னபோது, நான் சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸுக்குள் நசுங்கிக்கொண்டிருந்தேன். அவரைப் பார்க்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

செல்வமும் நானும் சேர்ந்து அணுக்கரு இணைவு உலை வடிவமைத்துக்கொண்டிருந்தோம். அவரோடு பழகிய உங்களில் பலருக்கு அந்த வேலை "சூரியனை டப்பாவில் அடைக்கிற சமாச்சாரம்" என்ற அளவில்தான் தெரியும். அப்படிச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கொட்டாம்பட்டியில் அவருடைய பெரியப்பா கேட்டபோது ஒரு மெதுவடையை எடுத்துக் காட்டினார். "பெரியப்பா, உலை இந்த வடை மாதிரி. உள்ள சுத்துறது பயங்கரச் சூடான வாயு. சுவத்துல படாம காந்தம் புடிச்சு வச்சிருக்கும். காந்தத்தோட பலம் ரெண்டு மடங்கானா, அதே எடத்துல பதினாறு மடங்கு சக்தி வரும். அதான் சின்னதாக் கட்டப் பாக்குறோம்." பெரியப்பா வடையை வாங்கித் தின்றுவிட்டு, "கரண்டு எப்பய்யா வரும்?" என்றார். செல்வம் என்னைப் பார்த்தார். நான் சட்னியைப் பார்த்தேன்.

சின்னதாகக் கட்டுவதில் வம்பெல்லாம் வடையின் ஓட்டையில்தான். காந்தச் சுருள்கள் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அவை கடுங்குளிரில் இருந்தால்தான் வேலை செய்யும். பக்கத்திலேயே கொதிக்கும் வாயுவிலிருந்து நியூட்ரான்கள் பாய்ந்துகொண்டே இருக்கும். நடுவில் உள்ள தடுப்பை மெலிதாக்கினால் சுருள் கெடும்; தடிப்பாக்கினால் சுருளுக்கு இடமிருக்காது. "அம்புட்டுச் சண்டையும் இந்த ஓட்டைக்குத்தாண்ணே" என்பார். ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் பார்க்காமல் முதலிலிருந்து போடுவது எங்கள் வழக்கம். விடை ஒத்துப்போனாலும் அவர் முகம் தெளியாது. "ரெண்டு பேரும் ஒரே தப்பப் பண்ணிருந்தா?" என்று நச்சரிப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். மூச்சு வாங்கியது. "அண்ணே, உள்பக்கம் பத்தாது. இன்னும் நாலு விரக்கடை சேருங்க."

சேர்த்தேன். உலைக்குள் வாயுவுக்கு இடம் பற்றவில்லை என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, சுவரை இருபுறமும் நாலு விரல் அகலம் தள்ளினேன். ஓட்டைப் பக்கம் அந்த இடம் தடுப்பிலிருந்து போனது. கணக்கில் சக்தி கூடுதலாக வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரை இன்னொரு முறை கேட்காமலே, எங்கள் அறிக்கையில் "சரிபார்த்தது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள், ஆஸ்பத்திரியில் அவர் தலையணைக்கடியில் இருந்த தாளை மல்லிகா கொண்டுவந்து கொடுத்தார். பாதி வடை வரைந்து, ஓட்டையை ஒட்டிய தடுப்புக்கு அம்புக்குறி போட்டு, "உள்பக்கம்" என்று எழுதியிருந்தார். தடிப்பாக்கச் சொன்ன இடத்தை நான் மெலிதாக்கியிருந்தேன்.

அந்த அறிக்கையை நம்பி, சுருள் செய்ய ஆர்டர் கொடுக்க வேறொரு குழு காத்திருந்தது. காரியத்தன்று படத்துக்கு முன்னால் வைக்க மல்லிகாவும் அதைக் கேட்டிருந்தார். செல்வம் சொன்ன இடத்தில் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டேன். சுருள் சுருங்கியது, காந்தம் குறைந்தது, நாங்கள் பெருமையடித்த அளவில் அந்த உலை தன் தேவைக்கே மின்சாரம் தராது. அவர் பெயரில் வரும் கடைசி அறிக்கை "இந்த அளவில் முடியாது" என்றுதான் சொல்லியாக வேண்டும்.

மல்லிகாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அவரு கணக்கு தப்பாண்ணே?"

"இல்லம்மா. நான்தான் அவர் சொன்னதத் தப்பா வெளங்கிக்கிட்டேன்."

"அப்ப மொதல்ல ஆர்டர் குடுக்குறவங்களுக்கு அதச் சொல்லிவிடுங்க. படத்துக்கு மாலை மட்டும் போட்டுக்கிறேன்."

அன்றே எழுதி ஆர்டரை நிறுத்தினேன். பிழை என்னுடையது என்பதையும் எழுதினேன். செல்வத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, கணக்கு தப்பாயிருக்குமோ என்ற அவருடைய பயத்தைத்தான். இத்தனை வருஷமும் எங்கள் இருவருக்கும் சேர்த்து அவரே பயந்தார். நான் நிம்மதியாக இருந்தேன்.