செல்வி அக்கா மனையில் கிடைத்த சூளை

நெருப்பு அணைந்து ஆறும்போது சூளையின் மண் அன்றைய காந்த வடக்கைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பூமியின் காந்த வடக்கோ காலப்போக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுச் சூளையின் வயதைச் சொல்வது என் பிழைப்பு. பார்க்கும் வேலையை வீட்டாருக்கு விளக்க முடியாமல் தவிக்கும் எல்லோருக்கும் இது.

ரோமிலிருந்து ராயபுரம்

தொழில் கற்றது இத்தாலியில், ரோமானியர் காலச் சூளைகளில். ஊர் திரும்பியதும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் என்ன வேலை என்று கேட்டார். பழைய அடுப்பு கடைசியாக எப்போது எரிந்தது என்று கண்டுபிடிக்கிற வேலை என்றேன்.

"நம்ம வூட்ல எப்போ எரிஞ்சதுன்னு ஒங்க அண்ணிய கேட்டா சொல்லிடும். அதுக்கு இன்னாத்துக்கு ஏரோப்ளேன்?"

கழுவிய செங்கல்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால், மீன் விற்கும் செல்வி அக்கா வீடு கட்டக் கடைக்கால் தோண்டியபோது ஒரு பழைய சூளை வெளிப்பட்டது. ரோமானியர் காலத்தது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வயது தெரியும்வரை கான்கிரீட் போடக் கூடாது என்று தொல்லியல் துறை உத்தரவு போட்டு, அளக்க என்னை அனுப்பியது. அவ்வளவு பழையது என்றால் மனையே கைவிட்டுப் போகலாம் என்பது அக்காவின் பயம். எனக்கோ, அவ்வளவு பழையதாக இருக்க வேண்டுமே என்று உள்ளூர ஆசை.

எங்களுக்கு வேண்டியது கட்டிய இடத்திலேயே அசையாமல் இருக்கும் செங்கல். நகர்த்திவிட்டால் அது எந்த வடக்கைப் பிடித்து வைத்திருந்தது என்று தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது பாபு மேஸ்திரி சூளையின் சுவரைப் பிரித்து, ஒவ்வொரு செங்கலாகக் கழுவி, வேப்பமர நிழலில் அடுக்கியிருந்தார். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சமாதானம் சொன்னார்:

"ஒண்ணுகூட ஒடையல சார். வோணும்னா இன்னொரு வாட்டி கழுவிட்றேன்."

நீல டிரம்

குழியின் மூலையில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் டிரம் நின்றது. இடம் சமமாக இருக்கிறதே என்று ஆட்கள் வைத்தது. நகர்த்திப் பார்த்தால், அடியில் சுட்டு இறுகிய சூளைத் தரை, போட்டது போட்டபடி. செல்வி அக்கா எட்டிப் பார்த்தார்.

"அத்த எடுங்கடான்னு காலீலர்ந்து கத்திகினு கீறேன். சோம்பேறிங்களா இருந்ததும் நல்லதாப் போச்சு."

குச்சியின் நிழல்

இரும்பு மார்க்கெட் பக்கத்தில் காந்த ஊசியை நம்ப முடியாது. கம்பி லாரி போகும்போதெல்லாம் ஊசி அதன் பின்னாலேயே திரும்பியது. அங்கே சூரியன்தான் துணை. ஒரு குச்சியை நட்டு, நிழலையும் மணியையும் குறித்துக்கொண்டால் வடக்கைக் கணக்கிட்டுவிடலாம். அன்றைக்கென்று மேகம். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். வெயில் வந்ததும் நிழல்மேல் கோடு போட்டு, தரையில் அம்புக்குறி வரைந்து, துண்டுகளை அறுத்தெடுத்தேன்.

பாபு மேஸ்திரி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இதே எடத்துலதான் வாஸ்துகாரரு செல்போன் காம்பஸ வச்சு வாசலுக்கு வடக்கு காட்னாரு. அக்காகிட்ட சொல்லிடாதீங்க சார்."

வயது

அளந்து பார்த்ததில் சூளை ரோமானியர் காலத்துக்குக் கிட்டேகூடப் போகவில்லை. இருநூறு, முந்நூறு வருடம் இருக்கலாம். தடை நீங்கியது. சேதி சொல்ல மீன் கடைக்குப் போனேன். என் குரலில் சுரத்தில்லை. செல்வி அக்கா வஞ்சிரத்தை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்போ நம்மாளுங்க கட்னதுதான். ரோம்காரன் வந்து எடத்த கேப்பானோன்னு தூக்கமே இல்ல தம்பி."

புதுமனை விருந்தில் வயிறாரச் சாப்பிட்டேன். வாசல் உண்மையில் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று மட்டும் அளக்காமல் திரும்பிவிட்டேன்.