சூடு தெரியாத மெஷின்

மெஷினின் தலையை மல்லாத்திப் பிடித்து, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பொத்தானை அழுத்தினார் ரிப்கா மிஸ். சொட்டு கொதிப்பதுபோல் துள்ளியது.

"பாத்தீங்களா? வேல செய்யிது. இனி ஆரும் மெஷின் பழுதெண்டு சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அந்தக் கோபம் வந்து அரைமணி நேரமாகியிருந்தது.

ஏறாவூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, எங்கள் ஆஸ்பத்திரியில் சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் அல்ட்ராசவுண்ட் பிடிப்பவர். ஜெல் பூசிய தோலில் அவர் கை வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும்; ஓரிடத்தில் நின்றால் உள்ளே சுட்டுவிடுமாம். வாயும் நிற்காது. ஆட்களின் பெயர் அவருக்கு நினைவில் தங்குவதில்லை. குதிகால் நோவுக்கு வரும் என்னைச் சந்தையில் கண்டாலும் "குதிக்கால், எப்பிடிச் சுகம்?" என்றுதான் கேட்பார்.

இன்று என் முறைக்கு முன் கட்டிலில் இருப்பது ஒரு வலது தோள். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டத்துக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து நைந்துபோன தோள், பெயர் யோகமலர். தலைசீவக் கை எழும்பாது. இன்னும் பாரம் தூக்கினால் தசைநார் அறுந்து கை அப்படியே தொங்கிவிடும் என்று மிஸ் முன்பே எச்சரித்திருக்கிறார்.

"கூட்டி வைங்க மிஸ், சூடே தெரியல்லயாம்" என்றார் பக்கத்தில் நின்ற கணவர் திவாகரன்.

"தோள் உங்கடயா? அவ சொல்லட்டும். இஞ்சருந்து போய் என்னக்கா செய்யிற?"

யோகமலர் வாய் திறக்குமுன் திவாகரனே முந்திக்கொண்டார். "எண்ண போட்டு உருவினா அந்தச் சூட்டோட வேல செஞ்சாத்தானே பிடிப்பு உடும்? அதான் மிஸ், நேரா தோட்டத்துக்குக் கூட்டிப் போய்த் தண்ணி ஊத்த உடுற."

பெருமையாகச் சொன்னார் மனிதர்! எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. நோவு சற்று அடங்கும் அந்தப் பொழுதையும் அந்தப் பெண்ணுக்கு விட்டுவைக்கவில்லை.

"நான் காலைல ஆத்துறன், நீங்க பின்னேரம் பிய்க்கிறீங்க!" மிஸ் கத்தினார், கை மட்டும் வட்டத்தை விடவில்லை.

"நானும் நோகுதெண்டு சொல்லித்தான் பாத்தன் மிஸ்" என்றார் யோகமலர், சுவரைப் பார்த்தபடி.

மிஸ் மெஷினை நிறுத்தினார். ஜெல்லைத் துடைத்தார். மேசை லாச்சியிலிருந்து பெரிய வெள்ளைத் துணியை எடுத்து, யோகமலரின் கையை மடக்கி நெஞ்சோடு தூக்கிக் கட்டத் தொடங்கினார்.

"மெஷின் புடிச்சதுதானே, கட்டும் வேணுமா மிஸ்?" என்றார் திவாகரன்.

"மெஷின் அவவுக்கு. கட்டு உங்களுக்கு."

பிடரியில் முடிச்சுப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். பிறகு அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார்.